பயாஸ் புதுப்பித்ததும் இருண்டுபோன திரை: டிடிபி கடைக் கணினி ஒன்றின் மதர்போர்டு மறுஅமைப்பு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழகத்தின் நடுத்தர நகரம் ஒன்றில் இயங்கும் டிடிபி கடை. திருமணப் பத்திரிகை, பில் புத்தகம், ஃபிளெக்ஸ் வடிவமைப்பு ஆகியவைதான் அன்றாட வேலை. கடையில் இரண்டு கணினிகள். அவற்றில் முதன்மையானது 2018-இல் பாகம் பாகமாக வாங்கிக் கோத்தது: ஏஎம்4 சாக்கெட்டும் பி450 சிப்செட்டும் கொண்ட மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, ரைசன் 5 1600 பிராசசர், 8 ஜிபி டிடிஆர்4-3200 ரேம் இரண்டு, 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், 450 வாட் எஸ்எம்பிஎஸ். ரைசன் 5 1600-க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. படம் வர ஏதாவது ஒன்று வேண்டுமே என்று, அதற்கு முந்தைய கணினியிலிருந்த ஜிஃபோர்ஸ் 210 கார்டையே கழற்றி மாட்டியிருந்தார்கள். ஏழு ஆண்டுகள் அது எந்தத் தொல்லையும் தரவில்லை.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நிற்கப்போகின்றன என்ற செய்தி வந்த பிறகே உரிமையாளர் கணினியைப் பற்றி யோசித்தார். வாடிக்கையாளர்களின் பென்டிரைவ்கள் நாள் முழுக்க ஏறி இறங்கும் கணினி அது. மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டியபோது மூன்று இடங்களில் சிவப்பு வந்தது: பிராசசர் பட்டியலில் இல்லை, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளோடு மட்டும் கணினியை எழவிடும் காவல்) இல்லை, டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் பகுதி) இல்லை. பின்னிரண்டும் இந்தக் கணினியிலேயே இருக்கின்றன, அணைத்து வைக்கப்பட்டுள்ளன, அவ்வளவுதான். முதல் தலைமுறை ரைசனைத்தான் விண்டோஸ் 11 ஏற்பதில்லை.

முழுக் கணினியையும் மாற்றலாமா, பிராசசரை மட்டும் மாற்றலாமா என்பது முதல் கேள்வி. ஏஎம்4 சாக்கெட்டில் 2017-இன் ரைசனும் உட்காரும், 2020 இறுதி முதல் வந்த 5000 வரிசையும் உட்காரும், பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் போர்டின் மென்பொருள்) அதை அறிந்திருந்தால். ரேம், கேபினட், எஸ்எம்பிஎஸ் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. கடையின் சர்வீஸைப் பார்ப்பவர் ரைசன் 5 5600-ஐப் பரிந்துரைத்தார். பெட்டி வாங்கி வைக்கப்பட்டது, ஆனால் பிரிக்கப்படவில்லை. இந்த ஒன்று பின்னால் பெரிய உதவியாக அமைந்தது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் 11 நிறுவுவது எளிது. உரிமையாளர் அதை ஏற்கவில்லை. பேஜ்மேக்கர் 7, ஒரு பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த எழுத்துருக்கள், பிரிண்டர் அமைப்புகள் என்று எல்லாம் அந்த ஒரு விண்டோஸில் இருந்தன. பாதிக்கு மேல் நிறுவல் சிடி கைவசம் இல்லை. ஆகவே இருக்கும் விண்டோஸை அழிக்காமல் மேம்படுத்துவது என்று முடிவாயிற்று. இதனால் வேலை இரட்டிப்பானது.

வேலைக்கு முன் பார்த்தவை

சனிக்கிழமை கடை சாத்திய பிறகு வேலை தொடங்கியது. திங்கள் காலை கடை திறக்கும்போது கணினி ஓட வேண்டும்.

எஸ்எஸ்டியின் முழு இமேஜ் (அப்படியே மீட்கக்கூடிய நகல்) ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் எடுக்கப்பட்டது. பயாஸின் ஒவ்வொரு பக்கமும் கைபேசியில் படமாக்கப்பட்டது, ஏனென்றால் பயாஸ் புதுப்பித்தால் எல்லா அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். சாட்டா ஏஹெச்சிஐ-யில் இருக்கிறதா ரெய்டில் இருக்கிறதா என்ற ஒரு வரி மாறினாலே விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். பிட்லாக்கர் (டிஸ்கைச் சாவியிட்டுப் பூட்டும் விண்டோஸ் வசதி) எந்தப் பகிர்விலும் (பார்டிஷனிலும்) இல்லை என்பதும் உறுதி செய்யப்பட்டது. இருந்திருந்தால் மீட்புச் சாவி இல்லாமல் மேற்கொண்டு ஓர் அடிகூட வைத்திருக்கக் கூடாது.

கேபினட்டைத் திறந்ததும் இரண்டு குறைகள் தெரிந்தன. இரண்டு ரேமும் பிராசசரை ஒட்டிய முதல் இரண்டு ஸ்லாட்டுகளில் பக்கத்தில் பக்கத்தில் செருகப்பட்டிருந்தன. இந்த போர்டில் நான்கு ஸ்லாட்டும் ஒரே கறுப்பு. முதல் இரண்டும் ஒரே சேனல், அதாவது பிராசசரோடு இணைக்கும் ஒரே தடம். ஆகவே ஏழு ஆண்டுகளும் ரேம் ஒற்றைச் சேனலில்தான் ஓடியிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் வேகம் 2133 என்று காட்டியது. 3200 என்று ஸ்டிக்கர் ஒட்டிய இந்த ரக ரேம், எக்ஸ்எம்பி-யை (ரேமில் பதிந்துள்ள வேக அமைப்பை) இயக்காதவரை அந்த வேகத்தில் ஓடாது. யாரும் இயக்கவில்லை. இரண்டாவது குறை, சிஆர்2032 பேட்டரி. 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மல்டிமீட்டர் 2.6 காட்டியது. காலையில் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று வடிவமைப்பாளர் அவ்வப்போது சொல்லிவந்ததற்குக் காரணம் இதுதான். புது பேட்டரி போடப்பட்டது.

ரேமை அப்போதே இடம் மாற்றவில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதைச் சோதித்த பிறகே அடுத்தது என்று சர்வீஸ் பார்த்தவர் வைத்திருந்த ஒழுங்கு அது.

பயாஸ் புதுப்பிப்பு

புது பிராசசரைப் போட்டுவிட்டுப் பயாஸைப் புதுப்பிக்க முடியாது. அதை அறியாத பயாஸ் தொடங்கவே தொடங்காது. பிராசசரும் ரேமும் இல்லாமலே பென்டிரைவிலிருந்து எழுதும் ஃபிளாஷ்பேக் பொத்தான் சில போர்டுகளில் உண்டு. இதில் இல்லை. ஆகவே பழைய பிராசசர் சாக்கெட்டில் இருக்கும்போதே எழுத வேண்டும்.

மாடல் பெயரோடு ரிவிஷன் எண்ணையும் பார்க்க வேண்டும். அது போர்டின் ஓர் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். ஒரே பெயரில் இரண்டு ரிவிஷன்கள், இரண்டுக்கும் வேறு வேறு பயாஸ் என்பது சாதாரணம். இந்த போர்டில் 2018-இன் பயாஸ் இருந்தது. தயாரிப்பாளரின் பக்கத்தில் இருந்த குறிப்பின்படி, அவ்வளவு பழையதிலிருந்து நேரே கடைசிப் பதிப்புக்குத் தாவக் கூடாது, நடுவில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும். புதியதிலிருந்து பழையதற்குத் திரும்ப முடியாது என்ற எச்சரிக்கையும் இருந்தது.

8 ஜிபி பென்டிரைவ் ஃபேட்32-இல் ஃபார்மட் செய்யப்பட்டு, ஜிப்பைப் பிரித்தெடுத்த கோப்பு மட்டும் அதில் போடப்பட்டது. விண்டோஸுக்குள்ளிருந்து எழுதும் கருவி தவிர்க்கப்பட்டது. நடுவில் விண்டோஸ் தொங்கினால் போர்டும் போய்விடும். கணினி யுபிஎஸ்ஸில் இருந்தது. அந்த யுபிஎஸ்ஸின் பேட்டரி உண்மையில் தாங்குகிறதா என்று, சுவர் ஸ்விட்சை அணைத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே பயாஸின் சொந்த ஃபிளாஷ் கருவி திறக்கப்பட்டது. யுபிஎஸ் இருக்கிறது என்பது போதாது. மூன்று வருடப் பேட்டரி பத்து விநாடியில் உட்கார்ந்துவிடும்.

நடுப் பதிப்பு சிக்கலின்றி ஏறியது, திரை வந்தது. கடைசிப் பதிப்பும் நூறு சதவீதம் காட்டி மறுதொடக்கம் ஆனது. ஃபேன் சுற்றியது, கேபினட் விளக்கு எரிந்தது. திரை வரவில்லை.

இருண்ட திரை

எழுதிய பிறகு முதல் முறை போர்டு இரண்டு மூன்று தரம் தானாக அணைந்து எழுவதும், ரேமைப் பழகிக்கொள்ளச் சற்று நேரம் எடுப்பதும் இயல்பு. பத்து நிமிடம் காத்திருந்தும் மானிட்டர் 'சிக்னல் இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. "போர்டு போச்சுண்ணே" என்றார் உதவியாளர். உரிமையாளரும் அதையே நம்பினார். பயாஸ் எழுதினோம், திரை போனது, எனவே எழுதியதில் கோளாறு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

சர்வீஸ் பார்த்தவர் முதலில் கவனித்தது விசைப்பலகையை. 'நம் லாக்' (Num Lock) விசையைத் தட்டினால் அதன் விளக்கு அணைந்து எரிந்தது. பயாஸ் செத்துப்போன போர்டில் அந்த விளக்கு அசையாது. யுஎஸ்பி விசைப்பலகையைக் கண்டறிந்து பதில் சொல்லும் அளவுக்கு பயாஸ் ஓடினால்தான் அது மாறும். அடுத்து கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினார். கணினி மறுதொடக்கம் ஆனது. ஆக உள்ளே பயாஸ் உயிரோடு காத்திருக்கிறது.

போர்டின் மேல் ஓரத்தில் நான்கு பொடி எல்இடிகள் உண்டு: சிபியு, டிராம், விஜிஏ, பூட். அடுத்த தொடக்கத்தில் அவற்றை மட்டும் பார்த்தார்கள். சிபியு எரிந்து அணைந்தது. டிராம் சற்று நேரம் எரிந்து அணைந்தது. விஜிஏ எரிந்தது, அணையவில்லை. பிராசசர், ரேம் இரண்டும் தேறிவிட்டன, படம் காட்டும் இடத்தில்தான் தடை என்பது இதன் பொருள்.

வழக்கமான மருந்தான சிமாஸ் (பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம்) அழிப்பு செய்யப்பட்டது. மின் இணைப்பைப் பிடுங்கி, பவர் பொத்தானை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்து, பேட்டரியைக் கழற்றி, சிமாஸ் ஜம்பரின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் பத்து விநாடி தொட்டு வைத்தார்கள். பலனில்லை. பலனில்லாததற்கான காரணத்தில்தான் இந்த நிகழ்வின் முடிச்சே இருந்தது.

பழைய பயாஸ் பதிப்புகளில் சிஎஸ்எம் என்ற அமைப்பு ஆரம்ப நிலையிலேயே இயங்கிக்கொண்டிருக்கும். பழைய பாணி டிஸ்க், பழைய பாணி கிராஃபிக்ஸ் கார்டு எல்லாவற்றோடும் ஒத்துப்போவதற்கான அடுக்கு அது. விண்டோஸ் 11 வந்த பிறகு வெளியான பயாஸ் பதிப்புகள் பலவற்றில் டிபிஎம் இயக்கம், சிஎஸ்எம் அணைப்பு என்பதே ஆரம்ப நிலையாகிவிட்டது. சிஎஸ்எம் அணைந்திருக்கும்போது திரையில் படம் வர வேண்டுமானால், கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த பயாஸுக்குள் ஜிஓபி என்ற யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய முறை) இயக்கி இருக்க வேண்டும். விண்டோஸ் 8 வந்த 2012-ஐ ஒட்டித்தான் கார்டுகளில் அது பரவலானது. ஜிஃபோர்ஸ் 210 வெளியானது 2009-இல். புது பயாஸின் மொழியே அதற்குத் தெரியாது. சிமாஸை எத்தனை முறை அழித்தாலும் போர்டு திரும்புவது அதே ஆரம்ப நிலைக்கு, அதாவது சிஎஸ்எம் அணைந்த நிலைக்கு. பழைய கார்டைக் கண்டதும் தானே சிஎஸ்எம்மை இயக்கிக்கொள்ளும் போர்டுகளும் உண்டு. இது அந்த வகையல்ல.

உதவியாளர் இரண்டு யோசனை சொன்னார்: பயாஸ் சிப்பைக் கழற்றி புரோகிராமரில் மீண்டும் எழுதுவது, அல்லது போர்டையே மாற்றுவது. இரண்டும் ஒதுக்கப்பட்டன. நம் லாக் விளக்கு வேலை செய்யும் போர்டில் சிப்பைத் தொடுவது, இல்லாத நோய்க்கு அறுவை. கடையின் இரண்டாவது கணினியில் ஜிடிஎக்ஸ் 1650 இருந்தது. அதைக் கழற்றி இதில் மாட்டி, அந்தக் கணினியின் மானிட்டரை இணைத்ததும் சில விநாடிகளில் பயாஸ் திரை வந்தது.

பிராசசர் குறித்த மறுமுடிவு

கார்டு இரவல். ஞாயிறு இரவு அது தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். அப்போது முதன்மைக் கணினிக்கு வேறு கார்டு வாங்கியாக வேண்டும், ஏனென்றால் ரைசன் 5 5600-லும் கிராஃபிக்ஸ் கிடையாது.

விண்டோஸ் 11-இன் தேவைப் பட்டியலில் டைரக்ட்எக்ஸ் 12-ம் டபிள்யூடிடிஎம் 2.0 டிரைவரும் உண்டு. ஜிஃபோர்ஸ் 210 டைரக்ட்எக்ஸ் 10.1 கார்டு. அதாவது சிஎஸ்எம் சிக்கலே வராமல் போயிருந்தாலும் அந்தக் கார்டு விண்டோஸ் 11-க்கு ஆகாது. ஹெல்த் செக் செயலி ஏன் எச்சரிக்கவில்லை என்றால், அது கிராஃபிக்ஸ் கார்டைச் சோதிப்பதே இல்லை. மற்றவை தேறினால் இதுவும் தேறும் என்ற அனுமானம். பழைய கார்டைப் பிடுங்கி மாட்டும் நம்மூர்க் கணினிகளில் அந்த அனுமானம் அடிக்கடி பொய்க்கும்.

இரண்டு வழிகள் இருந்தன. 5600-ஐ வைத்துக்கொண்டு ஜிடி 1030 போன்ற சிறு கார்டு ஒன்று வாங்குவது ஒன்று. (அதை வாங்குவோர் ஜிடிடிஆர்5 பதிப்பா டிடிஆர்4 பதிப்பா என்று பெட்டியில் பார்ப்பது நல்லது. பெயர் ஒன்று, வேகம் வெகுதூரம்.) மற்றொன்று, கிராஃபிக்ஸை உள்ளேயே கொண்ட ரைசன் 5 5600ஜி-க்கு மாறுவது. 5600ஜி-யின் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளிருக்கும் வேக நினைவகம்) 16 எம்பி, 5600-இல் 32 எம்பி. விளையாட்டுக்கு அது வித்தியாசம். பேஜ்மேக்கருக்கும் ஃபிளெக்ஸ் கோப்புக்கும் பொருட்டல்ல. 5600ஜி-யில் பிசிஐஇ (கார்டுகளை இணைக்கும் தடம்) 3.0 மட்டுமே என்பதும் குறையல்ல, பி450 போர்டே அதற்கு மேல் தராது. ஒரு கார்டு குறைந்தால் ஒரு ஃபேன் குறையும், பழுதாக ஓர் இடம் குறையும்.

பெட்டியின் சீல் உடையாமல் இருந்ததால் விற்ற கடையில் 5600ஜி-யாக மாற்றித் தந்தார்கள். 5600ஜி சில்லறைக்கு வந்தது 2021 ஆகஸ்டில். 5600-ஐ ஏற்கும் பயாஸ் எல்லாம் அதை ஏற்கும் என்பதில்லை. போர்டின் ஆதரவுப் பட்டியலில் இதற்கென்று குறித்த பதிப்பு எண்ணைச் சரிபார்த்த பிறகே மாற்றினார்கள். ஏற்றியிருந்த பதிப்பு அதைவிடப் புதியது.

எம்பிஆர் டிஸ்கை ஜிபிடி ஆக்குதல்

இரவல் கார்டோடு, பயாஸில் சிஎஸ்எம்மைத் தற்காலிகமாக இயக்கியதும் பழைய விண்டோஸ் 10 வழக்கம்போல எழுந்தது. அது எம்பிஆர் என்ற பழைய பகிர்வு அட்டவணை முறையில் நிறுவப்பட்டது. செக்யூர் பூட் வேண்டுமானால் சிஎஸ்எம் அணைய வேண்டும், சிஎஸ்எம் அணைந்தால் எம்பிஆர் டிஸ்கிலிருந்து விண்டோஸ் எழாது. ஆக டிஸ்கை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றுவது பிராசசர் மாற்றத்துக்கு முந்திய படி.

இதற்கு விண்டோஸ் 10-இலேயே எம்பிஆர்டூஜிபிடி என்ற கருவி இருக்கிறது. அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் முதலில் 'வேலிடேட்' கட்டளை. அது டிஸ்கை மாற்றாது, மாற்ற முடியுமா என்று மட்டும் பார்க்கும். இங்கே முடியாது என்றது. காரணம் பகிர்வுகள். எம்பிஆர் அட்டவணையில் நான்கு இடங்கள்தான். சிஸ்டம் ரிசர்வ்ட், சி, ரிகவரி என மூன்று போக, நான்காவது இடத்தில் எக்ஸ்டெண்டட் பகிர்வும் அதற்குள் 'டி' டிரைவும் இருந்தன. எக்ஸ்டெண்டட், லாஜிக்கல் பகிர்வு உள்ள டிஸ்கை இந்தக் கருவி தொடாது. சி, டி, இ என்று பிரித்துக் கொடுப்பது வழக்கமாக இருந்த காலத்து எம்பிஆர் டிஸ்குகளில் இந்தத் தடை பெரும்பாலும் வரும்.

'டி'-யில் இருந்தவை ஹார்ட் டிஸ்குக்கு நகலெடுக்கப்பட்டன. டிஸ்க் மேனேஜ்மென்டில் 'டி'-யும், அது இருந்த எக்ஸ்டெண்டட் பகிர்வும் அழிக்கப்பட்டன. முதலாவதை மட்டும் அழித்துவிட்டு இரண்டாவதை மறந்தால் கருவி மறுபடியும் மறுக்கும். இப்போது வேலிடேட் தேறியது. விண்டோஸ் ஓடும்போதே மாற்ற 'அலவ்ஃபுல்ஓஎஸ்' என்ற சொல்லைக் கட்டளையோடு சேர்க்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. கடைசியில் மீட்புச் சூழல் பற்றி ஒரு பிழைச் செய்தி வந்தது. இது அடிக்கடி வருவதே. யுஇஎஃப்ஐ முறையில் விண்டோஸ் எழுந்த பிறகு ரிஏஜென்ட்சி கட்டளையால் மீட்புச் சூழலை ஒருமுறை அணைத்து இயக்கியதும் சரியானது.

மாற்றம் முடிந்த கையோடு பயாஸில் சிஎஸ்எம் அணைக்கப்பட்டது. நடுவில் ஒருமுறை விண்டோஸைப் பழைய முறையில் எழுப்பிப் பார்க்கலாம் என்று முயன்றால் எழாது. அதைக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது.

காலியான இடத்தில் புதுப் பகிர்வு உருவாக்கி, அதற்கு 'டி' என்ற அதே எழுத்தைக் கொடுத்து, கோப்புகளைத் திருப்பி வைத்தார்கள். இதை வடிவமைப்பாளரே வலியுறுத்தினார். பேஜ்மேக்கர் கோப்புகள் படங்களை இருப்பிடப் பாதையோடு நினைவில் வைத்திருக்கின்றன. எழுத்து மாறினால் பழைய பத்திரிகை வடிவங்களைத் திறக்கும்போதெல்லாம் படம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

பிராசசர் மாற்றம்

ஏஎம்4-இல் பின்கள் பிராசசரில் இருக்கின்றன, 1331. சாக்கெட்டின் நெம்புகோல் பின்களைப் பிடிக்குமே தவிர பிராசசரின் மேல் மூடி கிடையாது. ஏழு வருடத் தெர்மல் பேஸ்ட் காய்ந்த தோசை மாவுபோல இறுகியிருக்கும். கூலரை நேராக மேலே தூக்கினால் நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே பிராசசர் அதோடு பிய்த்துக்கொண்டு வரும், பின்கள் வளையும். எனவே கணினியைப் பத்து நிமிடம் கனமான வேலையில் ஓடவிட்டுப் பேஸ்ட்டைச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை சிறிது சிறிதாகத் தளர்த்தினார்கள். பிறகு கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருப்ப, பிடி விட்டது. அதன் பிறகே தூக்கினார்கள். பழைய பிராசசர் சாக்கெட்டிலேயே இருந்தது.

திருகுகள் கழன்றால் போர்டின் பின்னாலுள்ள உலோகத் தகடு விழுந்துவிடும். கேபினட்டின் மறுபக்கக் கதவைத் திறந்து ஒருவர் அதைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தார். புதுப் பிராசசரின் மூலையிலுள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வைத்ததும் அழுத்தமின்றித் தானே இறங்கியது. இறங்காவிட்டால் எடுத்துப் பின்களைப் பார்க்க வேண்டுமே ஒழிய அழுத்தக் கூடாது. பெட்டியோடு வந்த கூலரின் அடியில் பேஸ்ட் ஏற்கெனவே பூசப்பட்டிருந்தது, மேலும் வைக்கவில்லை. ஃபேன் வயர் 'சிபியு ஃபேன்' என்று குறித்த இடத்தில் செருகப்பட்டது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்ற ஒழுங்குக்கு இங்கே மட்டும் விலக்கு கொடுத்து, இதே சமயத்தில் ரேம் இரண்டும் பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளுக்கு மாறின. இத்தகைய போர்டுகளில் சேனலின் தடம் முதல் ஸ்லாட்டைக் கடந்து இரண்டாவதில் முடிகிறது. கடைசி ஸ்லாட்டைக் காலியாக விட்டால் தடத்தின் வால் வெறுமனே தொங்கி, சிக்னலைப் பிரதிபலித்துக் கெடுக்கும்.

இரவல் கார்டு கழற்றப்பட்டது. இங்கே சிறு தடங்கல் ஒன்று: முதன்மைக் கணினியின் மானிட்டரில் இருந்தது விஜிஏ கேபிள், போர்டின் பின்னால் டிவிஐ-டி, எச்டிஎம்ஐ மட்டும். டிவிஐ-டி-யில் அனலாக் சிக்னல் கிடையாது என்பதால் மலிவான விஜிஏ மாற்றி வேலை செய்யாது. மானிட்டரிலும் டிவிஐ இருந்ததால் ஒரு டிவிஐ-டி கேபிளோடு முடிந்தது.

முதல் தொடக்கத்தில் புதுப் பிராசசர் பொருத்தப்பட்டுள்ளது, எஃப்டிபிஎம்மை (பிராசசரோடு வரும் டிபிஎம்) அழித்துப் புதிதாக்க 'ஒய்' (Y), அப்படியே வைக்க 'என்' (N) என்று திரை கேட்டது. பிட்லாக்கர் இல்லை என்று முன்பே உறுதி செய்திருந்ததால் தயங்காமல் ஒய் அழுத்தப்பட்டது. பிட்லாக்கர் உள்ள கணினியில் இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் ஒய் கொடுத்தவர்கள் மீட்புச் சாவியைத் தேடி அலைவதுண்டு. விண்டோஸில் நுழையும் 'பின்' (PIN) எண்ணும் இதில் செல்லாமல் போகக்கூடும். கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு உரிமையாளருக்கு நினைவிருக்கிறதா என்று சனிக்கிழமையே கேட்டு, உள்ளே நுழைந்து சரிபார்த்திருந்தார்கள்.

பயாஸ் அமைப்பு

எக்ஸ்எம்பி முதலில் இயக்கப்பட்டது. இதே அமைப்பு சில போர்டுகளில் டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என்று வேறு பெயரில் இருக்கும். வேகம் 3200, மின்னழுத்தம் 1.35 வோல்ட். வன்பொருள் விவரம் காட்டும் சிபியு-இசட் செயலி அதை ஏறத்தாழ 1600 என்று காட்டும், இரட்டித்துப் படிக்க வேண்டும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-இன் இலவசப் பதிப்பு தரும் நான்கு சுற்றுகளும் பிழையின்றி முடிந்தன. இதைச் செய்யாமல் விண்டோஸ் மேம்படுத்தலில் இறங்கியிருந்தால், ரேம் பிழை ஒன்று வந்தாலும் அது விண்டோஸின் கோளாறாகத்தான் தெரிந்திருக்கும்.

உள்ளமைந்த கிராஃபிக்ஸ் ரேமிலிருந்தே இடம் எடுக்கிறது. யுஎம்ஏ ஃபிரேம் பஃபர் அளவு 1 ஜிபி என்று வைக்கப்பட்டது. கூடுதலாகத் தேவைப்பட்டால் டிரைவர் பகிர்ந்து எடுத்துக்கொள்ளும், நிரந்தரமாக 4 ஜிபி ஒதுக்கினால் வடிவமைப்பு வேலைக்கு அதுதான் நட்டம். பழைய கார்டில் இருந்த தனி நினைவகம் இனி இல்லை என்பதால், ரேமை இரட்டைச் சேனலுக்கு மாற்றியது இந்த அமைப்பில் ஆடம்பரம் அல்ல, அவசியம்.

செக்யூர் பூட்டை இயக்கிய பிறகும் விண்டோஸ் அதை 'ஆஃப்' என்றே காட்டியது. பயாஸ் எழுதிய பின் சாவிகள் ஏறியிருக்கவில்லை. சாவி மேலாண்மைப் பக்கத்தில் தொழிற்சாலைச் சாவிகளை நிறுவும் கட்டளையைக் கொடுத்து மறுதொடக்கம் செய்ததும் விண்டோஸின் எம்எஸ்இன்ஃபோ தகவல் பக்கத்தில் பயாஸ் முறை யுஇஎஃப்ஐ, செக்யூர் பூட் 'ஆன்' என்று வந்தது. மின்சாரம் போய் வந்தால் கணினி அணைந்தே இருக்கட்டும் என்றும் அமைத்தார்கள். மின்வெட்டு முடிந்து சப்ளை வரும் முதல் நிமிடத்தில் வோல்டேஜ் ஆடும் பகுதி அது.

தொடர்ந்து நடந்தது

ஞாயிறு இரவு விண்டோஸ் 11 மேம்படுத்தல் கோப்புகளைத் தக்கவைத்தபடி முடிந்தது. பேஜ்மேக்கர் திறந்தது, எழுத்துருக்கள் இருந்தன, 'டி'-யிலுள்ள படங்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டது. தமிழ்த் தட்டச்சு மென்பொருள் மட்டும் வன்பொருள் மாறிவிட்டது என்று பதிவு எண் கேட்டது. திங்கள் காலை விற்பனையாளரிடம் தொலைபேசியில் பேசிப் புது எண் வாங்கும்வரை அவசர வேலைகள் இரண்டாவது கணினியில் நடந்தன. அந்தக் கணினிக்கு அதன் ஜிடிஎக்ஸ் 1650 அதற்குள் திரும்பியிருந்தது.

அடுத்த ஒரு மாதத்தில் நீலத்திரையோ தானாக அணைவதோ இல்லை. பெரிய ஃபிளெக்ஸ் கோப்பைச் சேமிக்கும் நேரம் குறைந்ததை வடிவமைப்பாளர் கேட்காமலே சொன்னார். அதில் பிராசசரின் பங்கு எவ்வளவு, ஏழு ஆண்டு ஒற்றைச் சேனலில் கிடந்த ரேமின் பங்கு எவ்வளவு என்று பிரித்து அளக்கவில்லை. 16 ஜிபி ரேமில் 15-தான் பயன்படும் என்று காட்டுகிறதே என உரிமையாளர் ஒருமுறை கேட்டார். கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கிய 1 ஜிபி அது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வேலைப் பட்டியலில் கிராஃபிக்ஸ் கார்டு இல்லவே இல்லை. அதுதான் மொத்தச் சிக்கலுக்கும் காரணம். பயாஸைத் தொடும் முன் விண்டோஸில் ஜிபியு-இசட் செயலியைத் திறந்து பார்த்திருந்தால், பயாஸ் பதிப்பு வரிக்குப் பக்கத்திலுள்ள 'யுஇஎஃப்ஐ' பெட்டியில் டிக் இல்லை என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். டிக் இல்லாத கார்டோடு, உள்ளே கிராஃபிக்ஸ் இல்லாத பிராசசர் இருக்கும் கணினியில், மாற்றுக் கார்டு கைக்கு வரும்வரை பயாஸ் புதுப்பிப்பைத் தொடங்கவே கூடாது. இங்கே இரண்டாவது கணினி பக்கத்தில் இருந்தது. தனிக் கணினி மட்டும் உள்ள வீட்டில் சனிக்கிழமை இரவு இது நடந்திருந்தால் போர்டு குப்பைக்குப் போயிருக்கவும் கூடும்.

கார்டை முதலில் பார்த்திருந்தால் 5600-க்குப் பதில் 5600ஜி-யே முதலில் வாங்கப்பட்டிருக்கும். எம்பிஆர்டூஜிபிடி-யின் வேலிடேட் சோதனையும் முந்தியே நடந்திருக்க வேண்டும். அது டிஸ்கைத் தொடாத சோதனை, வாரநாளில் கடை நடந்துகொண்டிருக்கும்போதே செய்திருக்கலாம். வன்பொருளோடு பூட்டிய மென்பொருள்களின் பட்டியலும் அப்படியே. விற்பனையாளரின் எண் சனிக்கிழமைக்குள் கையில் இருந்திருந்தால் திங்கள் காலை அரைநாள் மிச்சம்.

ஒரே கார்டு பல கணினிகளைக் காப்பாற்றும் என்பதால், யுஇஎஃப்ஐ ஆதரவுள்ள, தனி பவர் கேபிள் தேவைப்படாத சிறு கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று இப்போது சர்வீஸ் பையிலேயே இருக்கிறது. கூடவே ஒரு டிவிஐ-டி கேபிளும், இரண்டு சிஆர்2032 பேட்டரிகளும்.